சத்தம் இருக்கிறது, ஓட்டம் இல்லை

மே மாதம் பிறந்து, பனி முழுவதும் கரைந்து, வளவில் புல் மளமளவென்று எழும்பும் நாட்களில் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடும். "மாமா, மெசின் ஸ்ராட் ஆகுது. ஆனா அசையுதில்லை." ஒவ்வொரு வருடமும் இதே வார்த்தைகள்தான். கதைக்கும் பிள்ளைகள் மட்டும் வேறு.

ஒன்ராறியோவில் ரொறன்ரோவை விட்டு வெளியே, ஓஷாவாவுக்கும் அப்பால் வீடு வாங்கிப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவு கிடைக்கிறது. அவ்வளவு புல்லையும் தள்ளும் மெசினால் வெட்டிக் கட்டாது. ஆகவே ஏறி இருந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றை, அநேகமாகப் பாவித்த ஒன்றை, வாங்குகிறார்கள். ஊரில் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினுக்கு பெல்ற் மாற்றிப் பழகி, இங்கே வந்து சின்ன எஞ்சின் திருத்தும் கராஜில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் பிள்ளைகளுக்கு என் நினைவு வருகிறது. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எல்லோருக்குமாக எழுதி வைக்கிறேன். மெசின் வைத்திராத பிள்ளைகளும் வாசியுங்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

அழைக்கிற பிள்ளைகளில் அரைவாசிப் பேர் ஏற்கெனவே ஒரு தீர்ப்போடுதான் வருவார்கள். "எஞ்சின் போயிட்டுது போல." இல்லை பிள்ளை. எஞ்சின் இரைகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. அங்கே பிறக்கும் பலம் சில்லுக்குப் போய்ச் சேருகிற வழியில் எங்கேயோ அறுந்து கிடக்கிறது. அந்த வழியைத் தெரிந்துகொண்டு, ஒரு முனையில் இருந்து மறுமுனை வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். விலை கூடியதைக் கடைசியில். நான் உங்களுக்குச் சொல்ல வந்த பாடம் இது ஒன்றுதான். மிச்சம் எல்லாம் இதன் விளக்கம்.

முதலில் வழியைச் சொல்கிறேன். எஞ்சினின் தண்டு கீழ்நோக்கி இறங்கி நிற்கும். அதன் அடியில் இரண்டு கப்பிகள். ஒன்று கத்திகளைச் சுழற்ற, மற்றது வண்டியை நகர்த்த. இரண்டாவது கப்பியில் மாட்டிய பெல்ற் வண்டியின் வயிற்றுக்கு அடியால் பின்னுக்குப் போகும். நடுவில் அதை இறுக்கிப் பிடிக்க, ஸ்பிறிங் பூட்டிய சின்னக் கப்பி ஒன்று இருக்கும். பின்னால் ட்ரான்ஸ்மிஷன். சில வண்டிகளில் அதற்குள் பல்லுச்சக்கரங்கள். இப்போது வருகிற பெரும்பாலானவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்ரற்றிக் வகை. அங்கிருந்து டிஃபரன்ஷியல், அச்சு, கடைசியாகச் சில்லு. கத்தி சுழல்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் பிழை இந்த இரண்டாவது வழியில்தான். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வழி தெரியாதவன்தான் சத்தம் வருகிற இடத்தைக் குற்றம் சொல்வான்.

பார்க்கத் தொடங்குவதற்கு முன் எஞ்சினை நிறுத்து. திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடு. பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. வண்டியைத் தூக்க வேண்டி வந்தால், ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கை வைக்காதே. உறுதியான தாங்கிகள் கொடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். கீழே இருப்பது கத்தி. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும், "சும்மா எட்டிப் பார்த்தால் போதும்தானே மாமா" என்று கேட்கிற பிள்ளை இருக்கும். போதாது. கராஜ் வேலையில் விரலை இழந்தவர்களைப் பார்த்தவன் சொல்கிறேன். அவர்களில் எவரும் பெரிய வேலை செய்துகொண்டு இருக்கவில்லை. சும்மா எட்டிப் பார்த்தவர்கள்தான்.

இனி முதலாவது இடம். ஹைட்ரோஸ்ரற்றிக் வண்டி என்றால் பின்பக்கம், இழுகொக்கி பூட்டும் தகட்டுக்குக் கிட்ட, ஒரு கம்பியோ சின்ன லிவரோ இருக்கும். எஞ்சின் ஓடாத நேரம் வண்டியைக் கையால் தள்ளுவதற்கு அதை இழுத்து விடுவார்கள். இழுத்து விட்டால் உள்ளே எண்ணெய் அழுத்தம் ஏறாது. சில்லு சும்மா உருளும். திரும்ப உள்ளே தள்ள மறந்தால் எஞ்சின் எவ்வளவு இரைந்தாலும் வண்டி நகராது. குளிர்காலத்தில் கொட்டிலுக்குள் தள்ளி வைத்தவர்கள், பனித்தள்ளியை எடுக்க வண்டியை ஒரு பக்கம் நகர்த்தியவர்கள், எல்லோரும் அந்தக் கம்பியை இழுத்திருக்கலாம். மே மாதம் வருகிற அழைப்புகளில் நிறைய இந்தக் கம்பியோடு முடிந்துவிடும். கைப் பிறேக் முழுதாக விடுபட்டிருக்கிறதா என்றும் அதே மூச்சில் பார்த்துவிடு. இரண்டுக்கும் ஒரு சதம் செலவில்லை.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. "கடைசியாக இதை யார் தள்ளியது?" என்று வீட்டில் கேட்க வேண்டி வரும். அந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்கிறாய் என்பதில்தான் விடை இருக்கிறது. அதட்டிக் கேட்டால் பத்து வயதுப் பிள்ளையும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும். மனைவியும் சொல்லுவாள், கணவனும் சொல்லுவான். ஆறுதலாகக் கேட்டால், "நான்தான் சைக்கிள் எடுக்கத் தள்ளினேன், ஒரு கம்பியை இழுத்தேன்" என்று அந்தப் பிள்ளை ஓடி வந்து காட்டும். பிழையைத் தேடுகிறவனுக்குத் தகவல் வேண்டும். குற்றவாளியைத் தேடினால் தகவல் ஒளிந்துகொள்ளும். கராஜில் இதைக் கண்டேன்; வீட்டில், வேலைத்தலத்தில், சங்கக் கூட்டங்களிலும் இதையே கண்டேன். நாளைக்கு உங்களுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்யும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் உண்மையைச் சொல்லப் பயப்படுகிறவர்கள் மத்தியில் எந்தப் பிழையையும் நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது இடம் பெல்ற். அறுந்து விழுந்திருக்கலாம், கப்பியில் இருந்து கழன்றிருக்கலாம், அறாமலே தேய்ந்து, பக்கங்கள் கண்ணாடி போல் மினுங்கி, பிடிமானம் இல்லாமல் வழுக்கலாம். கையால் தொட்டுப் பார். வெடிப்பு, பிசிறு, எண்ணெய்ப் பசை இருக்கிறதா? இறுக்கும் கப்பி தாராளமாகச் சுழல்கிறதா? அதன் ஸ்பிறிங் கொழுவியபடியே இருக்கிறதா? பெல்ற் புதிதாக இருந்தும் ஸ்பிறிங் கழன்றால் அது தொய்ந்துதான் கிடக்கும். பழைய புல் உருண்டு திரண்டு கப்பியை மூடியிருப்பதும் உண்டு. குளிருக்கு எலி கூடு கட்டிய வண்டிகளையும் திறந்திருக்கிறேன். துப்புரவு செய்ததுமே ஓடிய வண்டிகள் பல.

பெல்ற் மாற்றத்தான் வேண்டும் என்றால், கழற்ற முன் அது எந்தக் கப்பிக்கு எந்தப் பக்கத்தால் போகிறது என்று படம் எடுத்து வை. கையில் தொலைபேசி இருக்கிற தலைமுறை நீங்கள். நாங்கள் கடதாசியில் கீறி வைத்தோம். பிறகு, சீற்றுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைப் பார்த்து அதற்குரிய பெல்ற்றை வாங்கு. கார்ச் சாமான் கடையில் அதே அகலத்தில், கிட்டத்தட்ட அதே நீளத்தில், பாதி விலைக்கு ஒன்று தொங்கும். அதை வாங்காதே. புல்வெட்டியின் பெல்ற் பல வண்டிகளில் கிளச் வேலையும் செய்கிறது. பெடலை மிதித்தால் வழுக்க வேண்டும். விட்டால் பிடிக்க வேண்டும். அதற்கென்று உறுதியான அரமிட் நூல் வைத்து, துணி சுற்றிச் செய்தது அது. நீளம் ஒரு அங்குலம் கூடினாலும் இறுக்கும் கப்பியால் அதைப் பிடிக்க முடியாமல் போகும். குறைந்தால், பெடலை மிதித்தும் விடாமல் வண்டி இழுத்துக்கொண்டு போகும். அது ஆபத்து.

கிட்டத்தட்டச் சரி என்பது இந்த நாட்டில் வந்து குடியேறிய எங்களுக்கு அடிக்கடி வருகிற சோதனை. கிடைத்த வேலை, கிடைத்த படிப்பு, கிடைத்த வீடு. ஆரம்பத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆகவே நீண்ட காலம் பாரம் இழுக்கப் போகிற இடத்தில் கிட்டத்தட்டப் பொருந்துவதைப் பூட்டாதீர்கள். பொறுத்திருந்து பொருத்தமானதைத் தேடுங்கள்.

மூன்றாவது இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய கராஜுகளிலேயே சில நேரம் தவறவிடுகிற இடம் இது. போன வருடம் ஒரு பெண்பிள்ளை அழைத்தாள். புதிதாக வீடு வாங்கியவள். வேலைக்கும் போய்க்கொண்டு இரண்டு சின்னப் பிள்ளைகளையும் பார்ப்பவள். பெல்ற் நல்லாக இருக்கிறது, பின்னால் உள்ள கம்பி உள்ளேதான் இருக்கிறது, பிறேக் விட்டிருக்கிறது என்று ஒழுங்காக ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு திருத்துகிறவர் வந்து பார்த்துவிட்டு, ட்ரான்ஸ்மிஷன் புதிதாகப் போட வேண்டும் என்று பெரிய தொகை ஒன்று சொல்லியிருந்தார். "காசு கொடுக்க முன் வீட்டில் சோக்கட்டி இருக்கிறதா பார்" என்றேன். பிள்ளைகள் தெருவில் கீறி விளையாடும் சோக்கட்டி இருந்தது.

பின்சில்லின் நடுவில் இருக்கும் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றினால் அச்சின் முனை தெரியும். அச்சின் முனையில் தொடங்கிச் சில்லின் குடம் வரைக்கும் நேராக ஒரு கோடு கீறச் சொன்னேன். இரண்டு பக்கச் சில்லிலும். பிறகு கழற்றிய பிளக் வயரைத் திரும்ப மாட்டி, கத்தியை நிறுத்தி வைத்து, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, ஏறி இருந்து, எஞ்சினை ஓட்டி, பெடலைச் சில விநாடி அழுத்தி, எஞ்சினை நிறுத்தி, பிறேக் போட்டுவிட்டு இறங்கிப் பார்க்கச் சொன்னேன். தொலைபேசியைக் கீழே வைக்காமலே போனாள். "வலப்பக்கம் கோடு நேராக இருக்கு மாமா. இடப்பக்கம் இரண்டாகப் பிரிஞ்சிருக்கு. நடுவில் உள்ளது திரும்பியிருக்கு, சில்லு திரும்பவில்லை."

அவ்வளவுதான். அச்சையும் சில்லையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்ன இரும்புத் துண்டு. கீ என்று சொல்வார்கள். பல வண்டிகளில் அது 5 மில்லிமீற்றர் அளவு சதுரத்தில், ஒரு விரல் நீளத்துக்கும் குறைவாக இருக்கும். அச்சின் முனையில் உள்ள வளையமும் வாசரும் கழன்று, சில்லு கொஞ்சம் வெளியே தள்ளி, அந்தத் துண்டு எங்கேயோ புல்லுக்குள் விழுந்துவிட்டது. அவள் இரண்டு பக்கத்துக்கும் புதுக் கீ வாங்கினாள். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுதான். அச்சுக்குக் கிறீஸ் பூசி, தானே பூட்டினாள். வண்டி ஓடியது. பெரிய தொகை சொன்னவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வழியின் கடைசி இடத்தைப் பார்க்காமல் நடுவிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரு பக்கத்துக் கீதானே விழுந்தது, மற்றப் பக்கச் சில்லாவது ஏன் தள்ளவில்லை என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சில்லு குறையத் தூரம். அதற்காகத்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. இரண்டு சில்லும் வேறு வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கும். ஆனால் அதன் இயல்பு, எந்தப் பக்கம் இலேசாகச் சுழல்கிறதோ அந்தப் பக்கத்துக்கே சுழற்சியை எல்லாம் விட்டுவிடும். இடப்பக்க அச்சுக்குச் சில்லைத் தள்ளும் பாரம் இல்லை. ஆகவே ஓட்டம் முழுவதும் அங்கே வீணாகச் சுழன்றது. பாரம் இருந்த வலப்பக்கத்துக்கு ஒன்றும் போகவில்லை.

இதை நான் வடிவாக விளங்கிக்கொண்டது மெசினில். பிறகு மனிதரில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பரீட்சைக்கு எட்டு மணித்தியாலம் படித்தேன் என்று சொல்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்திருக்கும். தெரியாத கணக்கு அப்படியே கிடக்கும். லைசென்ஸ் பரீட்சை எடுத்தால் நல்ல வேலைக்குப் போகலாம் என்று தெரிந்த இளைஞன், அதை விட்டுவிட்டு நாளுக்கு நூறு விண்ணப்பம் அனுப்புவான். களைப்பு உண்மை, உழைப்பு உண்மை. பலம் எல்லாம் இலேசான பக்கத்தால் ஓடிவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். அது எஞ்சினைக் குற்றம் சொல்வது. பக்கத்தில் இருந்து, எந்தப் பக்கம் பாரம் இருக்கிறது, அங்கே என்ன கழன்று விழுந்திருக்கிறது என்று பார்த்துக் கொடுங்கள். அநேகமாக அது ஒரு சின்னத் துண்டாகத்தான் இருக்கும். ஒரு அடிப்படைப் பாடம் விளங்காமல் போயிருக்கும். அல்லது கேட்க வெட்கப்பட்ட ஒரு கேள்வி இருக்கும்.

நாலாவது இடம் ட்ரான்ஸ்மிஷனின் உள். காலையில் ஓடுகிற வண்டி, அரை மணித்தியாலம் வெட்டிச் சூடானதும் மேட்டில் ஏறாமல் நின்று, ஆறினதும் திரும்ப ஓடுகிறது என்றால் எண்ணெயைச் சந்தேகப்படு. சூட்டில் எண்ணெய் இளகும். உள்ளே தேய்ந்த பாகங்களுக்கு இடையால் அழுத்தம் கசியும். ஆனால் அதற்கும் முதல், ட்ரான்ஸ்மிஷனுக்கு மேலே உள்ள சின்ன விசிறியின் இதழ் உடைந்திருக்கிறதா, வெட்டிய புல் போர்வை போல மூடியிருக்கிறதா என்று பார். மூடினால் சூடு வெளியேறாது. எண்ணெய் மாற்றிய பிறகு உள்ளே காற்று அடைபட்டாலும் வண்டி நகராது. தள்ளும் கம்பியை இழுத்து விட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை முன்னும் பின்னும் சில தடவை அழுத்திப் பிடித்து, பிறகு கம்பியைத் தள்ளிவிட்டு அதையே திரும்பச் செய்தால் காற்று வெளியேறும். முறையும் எண்ணெய் வகையும் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ளபடிதான் செய்ய வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ட்ரான்ஸ்மிஷன் போய்விட்டது என்று சொல்ல உரிமை வருகிறது. சில நேரம் உண்மையிலேயே போயிருக்கும். புதிது பூட்டுகிற செலவு பழைய வண்டியின் பெறுமதியைத் தாண்டுவதும் உண்டு. அப்படியானால் கணக்குப் போட்டுப் பார். கட்டாவிட்டால் சாமான் விலைக்கு விற்றுவிடு. ஏற்கெனவே செலவழித்த காசை நினைத்து இன்னும் காசைப் போடாதே. முறையாகப் பார்த்து முடித்தவனுக்குக் கைவிடுவதில் வெட்கம் இல்லை. பிறகு மனம் உறுத்துவதும் இல்லை. வியாபாரமோ, கூட்டோ, படிப்போ, எதை விடுவது என்றாலும் இப்படிப் பார்த்து முடித்துவிட்டு விடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஆள் சீற்றில் இல்லாவிட்டால் எஞ்சினை நிறுத்துகிற சுவிச் ஒன்று சீற்றுக்கு அடியில் இருக்கிறது. அது கரைச்சல் தருகிறது என்று வயரை வெட்டி முறுக்கிக் கட்டி வைத்த வண்டிகள் கராஜுக்கு வரும். ஓட்டுகிறவர் விழுந்தால் கத்தி நிற்க வேண்டும் என்பதற்காக வைத்த சுவிச் அது. பெரும்பாலான கையேடுகள் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்ட வேண்டாம் என்று எழுதுவதும் ஓட்டுகிறவரைக் காப்பாற்றத்தான். உங்களைத் தடுக்கிற எல்லாமே பழுது ஆகாது. சில தடைகள் உங்களைக் காப்பாற்ற நிற்கின்றன. அவற்றை அறுக்க முன், அது ஏன் வைக்கப்பட்டது என்று கேளுங்கள். பெற்றோர் சொல்கிற "வேண்டாம்" என்பதற்கும் அந்த ஒரு கேள்வி கேட்கிற மரியாதையைக் கொடுங்கள்.

பிள்ளைகளே, இந்த வருடம் வண்டியை வெளியே எடுக்க முன் கையேட்டைத் தேடி எடுத்துக் கொட்டிலில் தொங்க விடுங்கள். தொலைந்திருந்தால் மொடல் இலக்கத்தைக் கொடுத்து இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். வண்டி அசையாவிட்டால் எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்து, கம்பி, பிறேக், பெல்ற், கீ, எண்ணெய் என்று இந்த ஒழுங்கில் பாருங்கள். உங்கள் வீட்டில் உழைத்தும் முன்னேறாமல் நிற்கிற ஒருவர் இருந்தால், அவரோடும் பக்கத்தில் இருந்து இதே பொறுமையோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்த்து முடியும்வரை எதையும் பழுது என்று சொல்லாதீர்கள், எவரையும் உதவாதவர் என்று சொல்லாதீர்கள்.